பாத நாற்றமும் அதன் பரிகாரமும்

கம்பநாடரின் கவிநயம், சங்ககாலத்து மகளிர் மாண்பு, இளங்கோவடிகளின் துறவுள்ளம் என்றின்னோரன்ன பொருள்களைப் பற்றியே பெரும்பாலும் எழுதப்பெறும் இப்பகுதியில், மக்கட் காலின் தீநாற்றத்தைப் பற்றி எழுதப் புகுந்தோம் என்று கேட்ட நண்பர் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகைத்தனர். அந்நகையே இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று. காய்ச்சலுற்றானைக் கண்டு இரங்குகின்ற உலகம் கால் நாறுவானைக் கண்டு நகைக்கின்றது; நகையாதவிடத்து முகஞ் சுளிக்கின்றது; முகஞ் சுளியாதவிடத்தும், 'இவன் குளியாதவன் போலும்' என்று தன்னுள்ளே தீர்ப்புக் கூறிவிடுகின்றது. நாள்தோறும் இருமுறை நீராடுவானுக்கும் இக்குறை உண்டாதல் கூடும் என்பதையும், இஃது ஒழுக்கத்தைப் பற்றியதன்று, ஈரத்தைப் பற்றியது என்பதையும் அறிந்தோர் சிலரே. அதனை விளக்குதலும், செலவின்றியும் சிறுசெலவிலும் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க பரிகாரங்களை ஆராய்ந்து காட்டுதலுமே எம் கருத்து.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்றம் என்னுஞ் சொல் பண்டைத் தமிழில் இழிபொருள் உடையதன்று. மூக்கால் நுகரப்படுவது எதுவோ அதற்கு அதுவே பெயர். திருவள்ளுவர் மொட்டினுள் அடங்கிக் கிடக்கும் மணத்தையும் நாற்றம் என்றே குறித்தார். பிற்காலத்தில் அச்சொல் தாழ்ந்து தீய மணம் ஒன்றற்கே உரியதாயிற்று. காலின் கதியும் அங்ஙனமே. அடி, தாள், கழல், மலரடி என்று பெரியோரிடத்துத் தலைமேற் கொள்ளப்படும் உறுப்பு, கூலிக்கு உழைப்பானிடத்து வெறுங் காலாய் இழிந்து நிற்கின்றது. இது நிற்க.

எம் ஊர் நெய்வேலி. கடலூர் மாவட்டத்தில், முந்திரிக் காடுகளும் பலாத் தோப்புகளும் சூழ்ந்த செம்மண் நிலத்தில் அமைந்தது. 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீர் வேண்டித் துளையிட்டபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் அதனை எடுத்தற்கென அரசாங்கத்தார் ஒரு கழகம் நிறுவினர். 1957இல் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி அகற்றி 1961இல் கரிப்படுகையின் முகத்தைக் கண்டனர். இது நிலத்தைக் குடைந்து செல்லும் சுரங்கமன்று. வானம் பார்த்த பெருங்குழி. அக்கினி நட்சத்திரத்து வெயில் அதன் அடித்தளம் வரையில் இறங்கும். அன்றியும், கரிப்படுகையின் கீழே மிக்க அழுத்தத்தோடு கூடிய ஊற்றுநீர் உளது. அதனை இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தாலன்றி அது தளத்தைப் பிளந்துகொண்டு மேலெழும். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வானமும் தன் பங்கைச் சேர்க்கின்றது. மேலே வெப்பம், கீழே ஈரம். இவ்விரண்டற்கும் இடையே மனிதன் கால்.

அக்கால் வெறுங்காலாய் இருத்தல் இயலாது. 1957ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகளே, பாதுகாப்புக் காலணி அணியாதார் சுரங்கத்துட் புகலாகாது என்று வரையறுத்தன. 2017இல் அவற்றிற்கு மாற்றாக வந்த விதிகளிலும் அது நீங்கவில்லை. நீங்குதலும் கூடாது. கல் உருண்டு விழுந்தாலும் விரல் நசுங்காதபடி முன்புறத்தில் எஃகுக் கவசம், ஆணி தைக்காத தடித்த அடி, எண்ணெயிலும் வழுக்காத பிடிப்பு இவையெல்லாம் அமைந்த அக்காலணியினால் எத்தனை பேர் கால்கள் பிழைத்தன என்பதைச் சுரங்கத்தாரைக் கேட்டாற் சொல்லுவர். ஆயின் எஃகும் தடித்த தோலும் கல்லைத் தடுப்பது போலவே காற்றையுந் தடுக்கின்றன. ஒரு முறைவேலை எட்டு மணி நேரம். போதலும் மீளுதலும் கூட்டினால் இன்னும் மிகும். அத்தனை நேரமும் கால் ஒரு மூடிய பாண்டத்துள் வெந்துகொண்டிருக்கின்றது என்றாற் பொருந்தும்.

முறைவேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர் பலர் காலணியைத் தெருவாயிலிலேயே கழற்றி, வீட்டாரோடு ஒரு சொல்லும் பேசாமல் நேரே புழைக்கடைக்குச் சென்று காலைக் கழுவிய பின்னரே உள்ளே நுழைவர். அது நல்வழக்கமே. ஆயின் வேலைநேரத்தின் இடையே உறவினர் வீட்டுக்கோ கோயிலுக்கோ துக்க வீட்டுக்கோ செல்ல நேர்ந்தால், காலணியைக் கழற்ற அஞ்சி வாயிலிலேயே நின்று பேசித் திரும்புவோரும் உளர். எம் சபையில் பெரிய வியாழன் இரவில், யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை நினைவுகூர்ந்து, குருவானவர் பன்னிருவருடைய கால்களைக் கழுவுவது வழக்கம். ஓர் ஆண்டு அப்பன்னிருவருள் ஒருவராகக் குறிக்கப்பெற்ற சுரங்கத் தொழிலாளர் ஒருவர், இறுதி நேரத்தில் உடம்பு நலமில்லை என்று சொல்லி வாராது நின்றார். உண்மை அதுவன்று, தம் காலைக் குருவின் கையிற் கொடுக்க அவர் கூசினார். அவர் மனைவியார் எம் அன்னையாரிடம் பின்னர் அதனைச் சொல்லிக் கண் கலங்கினர். கழுவப்படுதற்கென்றே ஏற்பட்ட சடங்கிலிருந்து, கழுவ வேண்டிய நிலையுடையவர் விலகி நின்றார் என்பது எம் உள்ளத்தை விட்டு இன்றும் அகலவில்லை.

இனி, நாற்றம் எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் காண்போம்.

வியர்வையே நாறும் என்பது பொதுமக்கள் கொள்கை. அது பொருந்தாது. பாதத்திற் சுரக்கும் புதிய வியர்வைக்கு மணமில்லை என்றே சொல்லலாம். அது பெரும்பாலும் நீரும் உப்புமே. உடம்பின் வேறெவ்விடத்தினும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலுமே வியர்வைச் சுரப்பிகள் நெருங்கி அமைந்துள்ளன. ஒரு சதுர சென்டிமீட்டர் அளவினுள் அவை சில நூறாகும். உள்ளங்கை வியர்த்தாற் காற்றில் உலர்ந்துவிடுகின்றது. உள்ளங்கால் வியர்த்தாற் போக்கிடமின்றித் தேங்குகின்றது. மேலும் உள்ளங்காலின் மேல்தோல் உடம்பிலேயே தடிப்பானது. அதன் இறந்த அடுக்குகள் நீரில் ஊறிய பழைய அரிசிபோல் வெளுத்து மெத்தென்று ஆகின்றன. நம் தோலின்மீது இயல்பாகவே வாழும் கண்காணா நுண்ணுயிர்கள் பல. அவற்றிற்கு வெதுவெதுப்பும் ஈரமும் இருளும் உணவும் ஒருங்கே கிடைக்கும் இடம் இதுவே. அவை வியர்வையிலுள்ள 'லியூசின்' என்னும் அமினோ அமிலத்தை உண்டு, ஐசோவலேரிக் அமிலம் என்பதொன்றை வெளிவிடுகின்றன. புளித்த பாலாடைபோல் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி இவ்வமிலத்தினுடையது. இதனை ஆக்குவதிற் பெரும்பங்குடையது 'ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்' என்னும் நுண்ணுயிர் என்று 2006ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இந்நுண்ணுயிர் அழுக்கனுடைய தோலில் மட்டும் வாழ்வதன்று. அரசன் தோலிலும் ஆண்டி தோலிலும் ஒக்க வாழ்வது. நாற்றம் மிக்க பாதங்களில் வேறொரு நுண்ணுயிரும் பெருகியிருத்தலை அவர்கள் கண்டனர்.

மற்றுஞ் சில நுண்ணுயிர்கள் இறந்த தோலையே தின்று கந்தகம் கலந்த ஆவியை விடுகின்றன. ஐரோப்பாவில் 'லிம்பர்கர்' என்னும் பாலாடைக் கட்டியைப் பக்குவஞ் செய்வதும் இவ்வினத்தைச் சார்ந்த நுண்ணுயிரே. அக்கட்டியை விரும்பி உண்பார் தம் அயலான் கால் நாற்றத்தை வெறுப்பது விந்தை. 1996இல் பார்ட் நோல்ஸ் என்னும் ஒல்லாந்து தேசத்து அறிஞரும் அவர் தோழரும், ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் கொசு மனிதன் காலை நாடி வருதற்குக் காரணம் தேடி, இந்த லிம்பர்கர் கட்டியின் மணமும் அக்கொசுவை ஈர்த்தலைக் காட்டினர். 2006இல் அவர்களுக்கு நகைச்சுவை நோபல் என்று சொல்லப்படும் 'இக் நோபல்' பரிசும் கிடைத்தது. நகைப்புக்குரிய பொருளும் ஆராய்ச்சிக்கு உரியதாதல் இதனாற் பெறப்படும். எம்மை நகைத்த நண்பர்கள் இதனைக் கருதுவாராக.

இன்னுமொன்று. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெப்பத்தால் மட்டும் வியர்ப்பன அல்ல. அச்சத்தாலும் நாணத்தாலும் வியர்ப்பன. தேர்வு மண்டபத்தில் விடைத்தாள் நனைவது எல்லோரும் அறிந்ததே. ஆகவே, 'என் கால் நாறுமோ' என்று அஞ்சி அஞ்சி இருப்பான் கால் பின்னும் மிகுதியாக வியர்க்கும். நாம் நகைக்க நகைக்க அவன் நோய் வளரும் என்பதே இதன் பொருள்.

'காலணியே அணியாதிருந்த நம் முன்னோர்க்கு இக்குறை இல்லையே. அதனைக் கழற்றி எறிந்தாற் போதாதா?' என்பார் உளர். சப்பாத்து என்னுஞ் சொல்லே போர்த்துகீசியர் கப்பலேறி வந்ததன்றோ என்றும் சிலர் வாதிப்பர். சொல் கடல் கடந்து வந்தது மெய். நோயும் அதனோடு வந்தது என்பது மெய்யன்று. கொழும்பு நகரிற் பணியாற்றிய ஆல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய வைத்தியர், 1910ஆம் ஆண்டில், இலங்கையில் மழைக்காலத்தில் வெறுங்காலுடன் நடக்கும் மக்களின் உள்ளங்காலிற் சிறுசிறு குழிகளும் பள்ளங்களும் தோன்றுதலைக் கண்டு முதன்முதலாக விளக்கியெழுதினார். ஊறிய தோலை நுண்ணுயிர்கள் அரித்துண்பதால் உண்டாகும் இக்குழிகள் மிக்க தீநாற்றம் உடையன. இக்காலத்தில் காலணியுள் நாளெல்லாம் வியர்க்கும் போர்வீரரிடத்தும் தொழிலாளரிடத்தும் அவை காணப்படுகின்றன. வெறுங்காலுக்கும் வந்தது, சப்பாத்துக் காலுக்கும் வந்தது என்றால் இரண்டற்கும் பொதுவாயுள்ள காரணம் யாது? ஈரமே. நம் நாட்டில் நாற்று நடும் மகளிர் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணால் வருந்துவதும் இதனாலேயே. அவர்களுக்குச் சப்பாத்து ஏது? ஆதலின் காலணியை விடுதல் பரிகாரமாகாது. சுரங்கத்தில் அது காலையே விடுதலாகவும் முடியும். ஈரத்தை விடுதலே பரிகாரம்.

அதற்கு முதல் வழி கழுவுதல். நாள்தோறும் குளிக்கின்றோமே என்பர். குளிக்கும்போது தலையிலிருந்து வழிந்த நீரும் சவர்க்கார நுரையும் காலின்மேற் செல்வதைக் கழுவுதலாக எண்ணுதல் பெருவழக்கு. அது போதாது. அமர்ந்து, காலை முழந்தாளின்மேல் வைத்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் கைவிரலை நுழைத்துச் சவர்க்காரம் இட்டுத் தேய்த்தல் வேண்டும். குதிகாலில் தடித்து வெளுத்த தோலை வாரம் ஒருமுறை நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்து நீக்குக. நுண்ணுயிர்களின் உணவு அதனாற் குறையும். கத்தியாலும் சவரத் தகட்டாலும் செதுக்கலாகாது.

இரண்டாவது, துடைத்தல். கழுவுதலினும் இது சிறந்தது. எனினும் பெரும்பாலார் செய்யாது விடுவது இதுவே. நம் வீடுகளில் ஈரக்காலுடன் உள்ளே வருதல் மங்கலமாகவுங் கருதப்படுகின்றது. அந்த ஈரக்காலிலேயே மேஜோட்டை இழுத்து மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினாற் கழுவியதன் பயனெல்லாம் கெடும். தனியாக ஒரு பழந்துணியைக் காலுக்கென்று வைத்துக்கொண்டு, நான்காம் விரலுக்கும் சிறுவிரலுக்கும் இடையே உள்ள இறுகிய இடுக்கைச் சிறப்பாகத் துடைத்தல் வேண்டும். சேற்றுப்புண் முதன்முதல் இடங்கொள்ளுவது அவ்விடுக்கிலேயே. பின்னர் ஒரு சிறுபொழுது காலைக் காற்றாட வைத்திருந்து மேஜோடு அணிக.

மேஜோடு என்பது இக்காலத்தார் சாக்ஸ் என வழங்குவது. ஒருநாள் அணிந்ததை மறுநாள் அணியலாகாது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் விடுதிகளில் வாழும் எம்மனோர்க்கு அதனையும் சொல்லத்தான் வேண்டும் போலும். சுரங்கத்தார்க்கு ஒருநாளைக்கு ஒன்றும் போதாது. உணவு இடைவேளையில் காலணியைக் கழற்றி, ஈரமானதை நீக்கி, உலர்ந்த வேறொன்றை மாட்டிக்கொள்ளுதல் மிகுந்த பயன் தரும். உணவுப் பாத்திரத்தோடு ஒரு சிறு பையில் மேஜோட்டையும் கொடுத்தனுப்பும் இல்லத்தரசியர் சிலரை யாம் அறிவோம். முழுதும் நைலானாகியது வியர்வையை உறிஞ்சாது. பருத்தி உறிஞ்சும், ஆனால் விரைவில் உலராது. கம்பளியும் இக்காலத்து ஈரங் கடத்தும் நூலும் கலந்தவை நல்லன, விலைதான் மிகுதி. பருத்தியை வாங்கி இருமுறை மாற்றுவது நம்மவர்க்கு இயல்வது. துவைக்கும்போது உட்புறத்தை வெளிப்புறமாகப் புரட்டித் துவைத்து வெயிலில் உலர்த்துக. மேஜோடே அணியாமல் தோற்காலணியை அணிவது எல்லாவற்றினும் தீது. வியர்வை முழுதும் காலணிக்கே சென்று ஊறும்.

காலணியை எவ்வாறு உலர்த்துவது என்பதில்தான் இத்தொழிலாளர்க்கு உண்மையான இடர்ப்பாடு. ஒருநாள் முழுதும் வியர்வை ஏறிய தடித்த தோற்காலணி ஓர் இரவில் உலராது. குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். ஆகவே இரண்டு இணைகள் வைத்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒருநாள் அணிதலே தக்கது. ஈரத்துக்கு எதிராகச் செய்யத்தக்கவற்றுள் இதனினும் பயனுடையது வேறில்லை என்பது எம் துணிபு. இரண்டாம் இணைக்குப் பணம்? நிலையான வேலையுடையார்க்கு அஃது இயலும். ஒப்பந்தக் கூலியாளர்க்கு ஒன்றே அரிது. அவரிடம் சென்று 'இரண்டு வைத்துக்கொள்க' என்று உபதேசித்தல் பசித்தவனுக்குப் பந்தி முறை கற்பிப்பதாகும். அத்தகையார் செய்யக்கூடியது இது: வீடு வந்தவுடன் கயிற்றை முழுதும் அவிழ்த்து, நாவைப் போன்ற பகுதியை முன்னே இழுத்து, உள்ளேயுள்ள மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து வெயிலில் வைத்தல், காலணியினுள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரங்கழித்து ஈரமான தாளை மாற்றி வேறு தாளைத் திணித்தல், பின்னர் மின்விசிறிக் காற்றில் வாயை மேலாக வைத்தல். மெத்தைத் தகடு மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளச் செலவு சிறிதே. தோலைக் கடும்வெயிலில் நெடுநேரம் வைத்தால் வெடிக்கும். அதற்கு நிழற்காற்றே நன்று. படியின் கீழ் இருட்டு மூலையிலும் மூடிய பெட்டியிலும் ஈரக் காலணியை வைக்கும் வழக்கம் அடியோடு ஒழியவேண்டும்.

இனி வீட்டு மருந்துகள். பாட்டிமார் சொல்லுவன எல்லாம் மெய்யுமல்ல, பொய்யுமல்ல.

படிகாரத்தை முதலிற் சொல்லுதல் முறை. முடிதிருத்துவோர் சவரத்துக்குப் பின் முகத்தில் தடவும் அக்கல்லே இது. அலுமினிய உப்பாகிய இது தோலைச் சுருக்கும். வியர்வைத் துளைகளின் வாயை அடைக்கும். நுண்ணுயிர்களையும் ஓரளவு அடக்கும். வைத்தியர்கள் மிகுவியர்வைக்கு எழுதிக் கொடுக்கும் மருந்தும் மற்றோர் அலுமினிய உப்பே. இரவிற் காலைக் கழுவித் துடைத்த பின், படிகாரக் கல்லை நீரில் நனைத்து உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் தடவி உலரவிடுக. பகலிலன்றி இரவிற் செய்யச் சொல்லுவதேன் எனின், உறங்கும்போது வியர்வை குறைவு. மருந்து கழுவப்படாமல் துளைகளிற் படியும். வெடிப்புள்ள இடத்தில் எரியும், அங்கே விலக்குக.

தேயிலைக் கஷாயம் மற்றொன்று. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமாகிய 'டானின்' தோலைப் பதனிடும் பொருள். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவோர் தொழிலும் இதனை ஒட்டியதே. இரண்டு கரண்டித் தேயிலையை அரை லிட்டர் நீரிற் கால்மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, இரண்டு லிட்டர் குளிர்ந்த நீர் சேர்த்து, அதில் அரைமணி நேரம் காலை வைத்திருக்க வேண்டும். ஒருவாரம் நாள்தோறும் செய்தால் வியர்வை குறைதல் காணலாம். பாலும் சர்க்கரையும் இட்டதன்று என்று சொல்லுதல் மிகையாயினும், ஒரு விடுதி மாணவர் பருகி எஞ்சிய தேநீரிலேயே இதனை முயன்றார் என்று கேள்வியுற்றோம், எறும்புகளே பயனடைந்தன.

சமையற் சோடாவின் வேலை வேறு. நாற்றத்தைத் தருவது ஓர் அமிலம் என்று முன்னர்க் கூறினோம். அமிலத்தோடு சோடா கூடினால் ஆவியாகாத உப்பாகிவிடும். ஆவியாகாதது மூக்கை அடையாது. எனவே இரவிற் காலணியுள் சிறிது சோடாவைத் தூவி வைத்துக் காலையிற் கவனமாகத் தட்டிவிடுதல் நன்று. ஆயினும் இது பிறந்த நாற்றத்தைப் போக்குமேயன்றிப் பிறப்பதைத் தடுக்காது. காடியோ இதற்கு மறுதலை: ஒருபங்கு காடிக்கு இருபங்கு நீர் கலந்து கால்மணி நேரம் காலை வைத்தால், அப்புளிப்பில் நுண்ணுயிர் பெருகமாட்டா. சோடாவையும் காடியையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்கக் காலை வைப்பாரும் உளர். நுரை கண்ணுக்கு இனிது. ஆனால் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் இரண்டின் பயனும் இல்லை.

வேப்பிலை இட்டுக் காய்ச்சிய நீரும் மஞ்சளும் தீங்கற்றவை, சிறுபயன் உடையவை. மருதோன்றி இலையை அரைத்துச் சேற்றுப்புண்ணுக்குப் பூசுதல் நாற்று நடும் மகளிரின் பழவழக்கம். அவ்விலையின் சாயப்பொருளுக்குப் பூஞ்சணத்தை அடக்கும் ஆற்றல் உண்டு என்று சோதனைச்சாலைகளிற் கண்டுள்ளனர். ஆனால் கடையில் கருமருதாணி என்று விற்கும் கலவையில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கும். அது தோலைப் புண்படுத்தும். மேலே சொல்லிய ஜப்பானிய ஆராய்ச்சியாளர், ஐசோவலேரிக் அமிலம் உண்டாவதைச் 'சிட்ரால்' என்னும் பொருள் மிகச் சிறிய அளவிலேயே தடுத்தலைக் கண்டனர். எலுமிச்சைப்புல் எண்ணெயின் பெரும்பகுதி அதுவே. தேங்காயெண்ணெயில் இரண்டொரு துளி கலந்து இரவில் தடவலாம். கலவாமல் தடவினால் எரியும். எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலிற் செல்லுதல் கூடாது. தோல் கருகிக் கொப்புளம் எழும். யந்திரக் கரியைப் போக்க மண்ணெண்ணெயாலும் டீசலாலும் காலைத் துடைப்பார் சிலர். அது தோலின் இயற்கை நெய்யை அழித்து வெடிப்பை உண்டாக்கும். மணப்பொடிகளைப் பற்றி யாம் ஒன்றுமே சொல்லவில்லை என்று வினவுவோர்க்கு விடை: ஈரக்காலிற் கொட்டிய மணப்பொடி குழைந்து சேறாகும், இரண்டு நாற்றங்கள் சேர்ந்து மூன்றாவது ஒன்று பிறக்கும்.

இவற்றையெல்லாம் மூன்று நான்கு வாரம் தவறாது செய்தும் குறையாவிடின் வைத்தியரை அடைதல் வேண்டும். உள்ளங்காலில் ஊசியாற் குத்தியது போன்ற குழிகள் காணப்பட்டால் அது முன்கூறிய குழிநோய். பூசுமருந்தால் சில வாரங்களிற் குணமாகும். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்து அரித்தால் பூஞ்சணம். அதற்கு மருந்து வேறு. ஒரு காலில் மட்டும் திடீரென நாற்றம் எழுந்தால் அது வியர்வையன்று. கண்ணுக்குத் தெரியாத புண் இருக்கக்கூடும்.

நீரிழிவு உடையார் இதிற் சிறப்பாக விழிப்பாயிருத்தல் வேண்டும். அந்நோய் முதிர்ந்தால் காலின் உணர்ச்சி குன்றும். காலணியுட் கிடக்கும் சிறுகல்லையும் அறியார், கொதிநீரின் சூட்டையும் அறியார். அத்தகையார் மேலே கூறிய கஷாயங்களிலும் காடியிலும் காலை ஊறவைத்தல் ஆகாது. கழுவுதலும் உடனே துடைத்தலும் மட்டுமே அவர்க்கு உரியன; வெந்நீராயின் கையால் அல்லது பிறரைக்கொண்டு சூடு பார்த்த பின்னரே ஊற்றுக. இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிற் பார்த்தல், இயலாதவர்க்கு மகனோ மகளோ பார்த்துச் சொல்லுதல், காலணியை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி உள்ளே கைவிட்டுத் தடவுதல் ஆகியவற்றை அவர் கைவிடலாகாது. நாற்றத்துக்கு நாணி இவர்கள் காலை மறைத்து வைப்பதால் புண்ணும் மறைந்து வளர்ந்து, விரலையும் சிலவேளை காலையும் இழக்க நேர்கின்றது. நகைப்பின் விலை அத்துணைப் பெரிது.

புதிய காலணி வாங்குவோர்க்கு ஒன்று. மாலைப்பொழுதில் வாங்குக, பகலெல்லாம் நின்ற கால் மாலையிற் சிறிது பருத்திருக்கும். வேலைக்கு அணியும் மேஜோட்டையே உடன்கொண்டு சென்று, அதனோடு அணிந்து, நின்று பார்க்கவேண்டும். எஃகுக் கவசம் பழகப் பழக விரியும் என்று கடைக்காரர் சொல்லுவாராயின் நம்பற்க. தோல் விரியும், எஃகு விரியாது. விரல்கள் உள்ளே அசையவும் அவற்றினிடையே சிறிது காற்றுச் செல்லவும் இடமிருந்தால் அவ்விணையைக் கொள்க. இல்லையேல் ஓர் அளவு பெரியதைக் கேட்க.